பயன் தந்தால் பழி தீருமா?

ரங்கூனைப் பற்றிய பேச்சு எழாத வீடுகள் தமிழ் முஸ்லிம்களிடையே ஒரு காலத்தில் அரிது. பாட்டனார் முகல் தெருவில் கடை வைத்திருந்தார், பெரிய தந்தையார் அங்கேதான் பிறந்தார், வீட்டிலுள்ள தேக்குப் பெட்டி அங்கிருந்து கப்பலில் வந்தது என்றெல்லாம் எத்தனையோ செய்திகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தச் செய்திகளில் பல ஒரே நாளில் வந்து நின்றுவிடும். அந்த நாள் 1941ஆம் ஆண்டு டிசம்பர் 23.

அன்று ஜப்பானிய விமானங்கள் ரங்கூன் நகரின்மீது குண்டு வீசின. விமானத் தாக்குதல் இன்னதென்று அறியாத மக்கள் பலர், வானில் நடப்பதை வேடிக்கை பார்க்கத் தெருவில் நின்றனர். நின்ற இடத்திலேயே மாண்டனர். இரண்டு நாள் கழித்து விமானங்கள் மீண்டும் வந்தன. துறைமுகத்தில் சுமை தூக்கிய இந்தியத் தொழிலாளர் நகரை விட்டு ஓடினர். பின்னர் தொடங்கிய நெடும்பயணத்தில், கப்பலில் இடம் கிடைக்காத பல இலட்சம் இந்தியர் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் எல்லை வழியாகவும் கால்நடையாகத் தாயகம் நோக்கி நடந்தனர். காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் வழியிலேயே மடிந்தோர் பல்லாயிரவர்.

போர்க்கணக்கு எழுதுவோர் இதை எவ்வாறு எழுதுவர்? துறைமுகத் தொழிலாளர் கலைந்தனர், எதிரியின் சரக்கு கரையில் தேங்கியது, ஆகவே தாக்குதல் பயன் தந்தது என்று எழுதுவர். அக்கணக்கில் பிழை காண்பதும் எளிதன்று. ஆனால் அதுவே முழுக் கணக்குத்தானா என்னும் கேள்வி நம் நெஞ்சை விட்டு அகலவில்லை. நகரங்களின்மீது குண்டு மாரி பொழிவது பயன் தருமா என்பது ஒரு கேள்வி. அது நீதியாகுமா என்பது மற்றொரு கேள்வி. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதால்தான் உலகம் இன்றளவும் தெளிவான விடையின்றித் தடுமாறுகிறது என்பது நம் கருத்து.

இவ்விரு கேள்விகளையும் ஆராய, இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனும் அமெரிக்காவும் ஜெர்மனியின்மீது நடத்திய குண்டுவீச்சை எடுத்துக்கொள்வோம். காரணம் உண்டு. அநீதிக்காகப் போரிட்டவன் வீசிய குண்டைக் கண்டிப்பது எவர்க்கும் எளிது. ஹிட்லரின் ஆட்சியை வீழ்த்த வேண்டும் என்ற நோக்கமோ நியாயமானது. அதை மறுப்பவர் நம்மில் எவருமிலர். நியாயமான போரில், நியாயமான தரப்பு வீசிய குண்டுதான் உண்மையான சோதனை.

எண்ணம் பிறந்த இடம்

விமானத்திலிருந்து முதன்முதலாகக் குண்டு வீசப்பட்டது ஐரோப்பிய மண்ணில் அன்று. 1911ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள், துருக்கிய ஆட்சியின்கீழ் இருந்த திரிப்போலி நகரின் அருகே, கவோத்தி என்ற இத்தாலிய விமானி நான்கு சிறு குண்டுகளைத் தம் கையாலேயே வீசினார். பத்து ஆண்டுகள் கழித்து, 1921ஆம் ஆண்டில், தூவே என்ற இத்தாலியத் தளபதி வானாதிக்கத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். இனிப் போர்முனை என்று தனியே ஒன்று இல்லை. எதிரியின் நகரங்களைத் தாக்கினால் மக்கள் பொறுக்கமாட்டாமல் தம் அரசையே பணியச் செய்வர். போர் விரைவில் முடியும். ஆகவே நீண்ட போரைவிட இதுவே இரக்கமானது என்பது அவரது வாதத்தின் சாரம். இரக்கத்தின் பெயராலேயே இக்கொள்கை உலகுக்கு அறிமுகமாயிற்று என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

அதை நடைமுறையில் பழகிப்பார்த்த இடங்களுள் ஒன்று இராக். 1922ஆம் ஆண்டில் பிரிட்டன் அந்நாட்டின் பாதுகாப்புப் பொறுப்பைத் தன் விமானப்படையிடம் ஒப்படைத்தது. தரைப்படையை வைத்துக் காப்பதைவிட விமானம் மலிவு என்பதே காரணம். அடங்க மறுத்த குலங்களின் சிற்றூர்கள்மீது குண்டு வீசப்பட்டது. அங்கே ஒரு விமானப் பிரிவுக்குத் தலைமை தாங்கிய ஆர்தர் ஹாரிஸ் என்ற அதிகாரியே, இருபது ஆண்டுகள் கழித்து ஜெர்மானிய நகரங்கள்மீது நடந்த குண்டுவீச்சுக்குத் தலைவரானார்.

இலண்டன் சொன்ன பாடம்

1940ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் முதல் ஜெர்மானிய விமானங்கள் இலண்டனைத் தாக்கின. தொடர்ந்து 57 இரவுகள் அந்நகரம் குண்டுகளின்கீழ்க் கிடந்தது. 1941ஆம் ஆண்டு மே மாதத்துக்குள் பிரிட்டன் முழுவதும் ஏறக்குறைய 43,000 பொதுமக்கள் உயிரிழந்தனர். மக்கள் சுரங்க இரயில் நிலையங்களில் இரவைக் கழித்தனர். விடிந்ததும் வேலைக்குச் சென்றனர். அரசைப் பணியச் சொல்லி எவரும் தெருவுக்கு வரவில்லை. துன்பம் அவர்களை உடைப்பதற்கு மாறாக இறுக்கியது.

தூவேயின் கொள்கைக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டுமா? குண்டுவீச்சுக்கு ஆளான பர்மிங்ஹாம், ஹல் ஆகிய நகரங்களில் அறிஞர்கள் ஆய்வு நடத்தினர். மக்களிடையே பீதியோ குலைவோ ஏற்பட்டதற்குச் சான்று இல்லை என்பதே அவர்கள் கண்ட முடிவு. ஆனால் அதே ஆய்வின் புள்ளிகளை எடுத்துக்கொண்டு, பிரதமர் சர்ச்சிலின் அறிவியல் ஆலோசகர் செர்வெல் பிரபு 1942ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் நாள் ஒரு குறிப்பு எழுதினார். ஜெர்மனியின் 58 பெருநகரங்களில் வீடுகளை இடித்தால் அந்நாட்டு மக்களில் மூன்றில் ஒரு பங்கினர் வீடற்றவராவர், அவர்களது மனவுறுதி முறியும் என்பது அக்குறிப்பின் கணிப்பு. டிசார்ட், பிளாக்கெட் என்ற இரு அறிவியலாளர்கள் அக்கணக்கு ஐந்து மடங்கும் ஆறு மடங்கும் மிகையானது என்று எடுத்துரைத்தும் அவர்கள் குரல் எடுபடவில்லை.

தம் மக்கள் குண்டுக்கு அஞ்சவில்லை என்று பெருமிதம் கொண்ட அதே தலைவர்கள், எதிரியின் மக்கள் அஞ்சிப் பணிவர் என்று எதிர்பார்த்தனர். நம் தாய்மார் தாங்கிக்கொள்ளும் துயரை அவர்கள் நாட்டுத் தாய்மார் தாங்கமாட்டார் என்ற எண்ணம் ஆராய்ச்சியின் முடிவு அன்று. பகைவனை நம்மில் ஒரு படி தாழ்ந்த மனிதனாகக் காணும் பழக்கத்தின் விளைவு அது.

குறி தவறியபோது

தொடக்கத்தில் பிரிட்டிஷ் விமானங்கள் ஆலைகளையும் இரயில் நிலையங்களையுமே குறி வைத்தன என்பதை நேர்மையுடன் சொல்ல வேண்டும். ஆனால் பகலில் பறந்தால் விமானங்கள் சுட்டு வீழ்த்தப்பட்டன. இரவில் பறந்தால் குறி தெரியவில்லை. 1941ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் விமானங்கள் எடுத்த நிழற்படங்களை ஆராய்ந்து ஓர் அறிக்கை தயாரிக்கப்பட்டது. இலக்கைத் தாக்கியதாகச் சொன்ன விமானங்களிலேயே மூன்றில் ஒன்றுதான் இலக்குக்கு ஐந்து மைல் சுற்றளவுக்குள் சென்றிருந்தது. புகை மண்டிய ரூர் தொழிற்பகுதியிலோ பத்தில் ஒன்றுதான்.

இதை அறிந்தபின் இரண்டு வழிகள் இருந்தன. குறி தப்பாத வழியைக் கண்டறியும்வரை இத்தாக்குதலைக் குறைத்துக்கொள்வது ஒன்று. தவறாமல் அடிக்கக்கூடிய பெரிய பொருளையே குறியாக மாற்றிக்கொள்வது மற்றொன்று. இரண்டாவது வழியே தேர்ந்தெடுக்கப்பட்டது. 1942ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் நாள் விமானப்படைக்குச் சென்ற ஆணை, எதிரி நாட்டுப் பொதுமக்களின், குறிப்பாகத் தொழிலாளரின், மனவுறுதியைத் தாக்குதலே இனித் தலையாய நோக்கம் என்று வகுத்தது. ஆலையை அடிக்க இயலவில்லை. ஆகவே ஆலைத் தொழிலாளியின் வீடு குறியாயிற்று. இயலாமை மெல்லக் கொள்கையாக மாறிய வரலாறு இது.

இதன் முழு உருவத்தை உலகம் கண்டது 1943ஆம் ஆண்டு ஜூலை மாதம், ஹாம்பர்க் நகரில். ஜூலை 27ஆம் நாள் இரவு, கோடை வெப்பத்தில் காய்ந்து கிடந்த நெருக்கமான தொழிலாளர் குடியிருப்புகள்மீது தீக்குண்டுகள் பொழிந்தன. ஆயிரக்கணக்கான தீக்கள் ஒன்றாகி, சூறாவளிபோல் காற்றை இழுத்துத் தீப்புயலாக எழுந்தன. நிலவறைகளில் பதுங்கியவர்கள் வெப்பத்தாலும் நச்சுக்காற்றாலும் இருந்த இடத்திலேயே உயிர் நீத்தனர். அந்நாட்களின் தாக்குதல்களில் அந்நகரில் மாண்டோர் ஏறக்குறைய 35,000 முதல் 40,000 பேர். அவர்களுள் பெண்களும் முதியோரும் குழந்தைகளும் மிகப்பலர். அது முன்பு தொழிலாளர் கட்சிகளின் கோட்டையாக இருந்து, ஹிட்லருக்கு எதிராகப் பெருந்திரளானோர் வாக்களித்த நகரம் என்பதையும் இங்கே குறிக்க வேண்டும்.

பயனைப் பற்றிய கணக்கு

பயன் என்னவாயிற்று? இதைக் கணக்கிடவே அமெரிக்க அரசு 1944ஆம் ஆண்டு நவம்பரில் ஒரு பெரும் ஆய்வுக் குழுவை அமைத்தது. பின்னாளில் இந்தியாவுக்கு அமெரிக்கத் தூதராக வந்த பொருளாதார அறிஞர் கால்பிரெய்த் அக்குழுவின் பொறுப்பாளர்களுள் ஒருவர். குழு கண்ட உண்மைகள் பலரை வியப்பில் ஆழ்த்தின. எரிந்து கிடந்த ஹாம்பர்க் நகரம் ஐந்து மாதங்களுக்குள் தன் பழைய உற்பத்தியில் நூற்றுக்கு எண்பது பங்கை மீட்டுக்கொண்டது. 1942ஆம் ஆண்டில் ஜெர்மனி செய்த விமானங்கள் 15,000க்குச் சற்று மேல். நகரங்கள் இடைவிடாது தாக்கப்பட்ட 1944ஆம் ஆண்டிலோ ஏறக்குறைய 40,000.

மக்களின் மனநிலை தாழ்ந்தது உண்மை. நம்பிக்கை இழந்தனர், சோர்ந்தனர். ஆனால் வேலைக்குச் செல்வதை நிறுத்தவில்லை. வீடிழந்தவன் கலகம் செய்வதில்லை. அடுத்த வேளை உணவுக்கும் போர்வைக்கும் அரசின் வாசலில் நிற்கிறான். அந்த அரசோ, முணுமுணுப்பவனைச் சிறைக்கு அனுப்பும் அரசு. அதுமட்டுமன்று, மிகக் கடுமையாகத் தாக்கப்பட்ட நகரத்து மக்கள், ஓரளவு தாக்கப்பட்ட நகரத்து மக்களைவிட மிகுதியாக மனம் உடைந்துவிடவில்லை என்றும் ஆய்வு காட்டிற்று. கூடுதலாக வீசிய குண்டுகள் கூடுதலான பிணங்களைத் தந்தன. கூடுதலான பணிவைத் தரவில்லை.

எனினும், இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் நாம் நேர்மையற்றவர்களாவோம். குண்டுவீச்சு முற்றிலும் வீண் என்பது உண்மையன்று. 1943ஆம் ஆண்டில் ரூர்ப் பகுதியின்மீது நடந்த தாக்குதல்கள் எஃகு உற்பத்தியைக் குலைத்தன. ஜெர்மனியின் போர் விமானங்களில் பெரும்பகுதியும் ஆயிரக்கணக்கான விமான எதிர்ப்புப் பீரங்கிகளும் ரஷ்யப் போர்முனையிலிருந்து விலகி நகரங்களைக் காக்க நின்றன. 1944ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் செயற்கை எண்ணெய் ஆலைகளின்மீது தாக்குதல் தொடங்கியது. ஏப்ரலில் 1,75,000 டன்னாக இருந்த விமானப் பெட்ரோல் உற்பத்தி ஜூலையில் 30,000 டன்னாகவும் செப்டம்பரில் 5,000 டன்னாகவும் வீழ்ந்தது. செய்து குவித்த விமானங்களுக்கு ஊற்ற எண்ணெய் இல்லை. இரயில் பாதைகள் தாக்கப்பட்டபோது நிலக்கரி சுரங்க வாயிலிலேயே தேங்கியது.

ஆக, பயன் தந்தவை எண்ணெய் ஆலைகளின்மீதும் போக்குவரத்தின்மீதும் நடந்த தாக்குதல்களே. மக்களின் வீடுகளை எரித்து மனத்தை முறிக்கும் முயற்சி, எதற்காகத் தொடங்கப்பட்டதோ அதை எய்தவில்லை. இத்தனைக்கும் எண்ணெய் ஆலைகளைத் தாக்கும் யோசனையை ஹாரிஸ் நெடுநாள் விரும்பவில்லை. நகரங்களை அழித்தாலே போர் முடியும் என்று இறுதிவரை நம்பினார். அந்த நம்பிக்கைக்கு அவர் தரப்பும் விலை கொடுத்தது. பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையில் பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,573 பேர் வீடு திரும்பவில்லை. அவ்விளைஞர்களின் வீரத்தை நாம் ஐயுறவில்லை. அவர்களை எதன்மீது ஏவினர் என்பதே நம் கேள்வி.

நியாயங்கள் எனச் சொல்லப்படுபவை

இனி நீதியின் பக்கம் வருவோம். இத்தாக்குதலுக்கு ஆதரவாக நான்கு வாதங்கள் சொல்லப்படுகின்றன. நான்கும் எளிதில் தள்ளக்கூடியவை அல்ல.

முதலாவது, அவர்களே தொடங்கினார்கள் என்பது. வார்சா, ராட்டர்டாம், இலண்டன், கவென்ட்ரி நகரங்களின்மீது குண்டு வீசியது ஜெர்மனிதான், அது உண்மை. ஆனால் தொடங்கியவர் எவர்? ஹாம்பர்க் நிலவறையில் மூச்சுத் திணறி இறந்த மூன்று வயதுக் குழந்தை எந்த நகரத்தின்மீதும் குண்டு வீசவில்லை. கொலைக்குப் பழி கொலையாளியின்மீது. அவன் அண்டை வீட்டுப் பிள்ளையின்மீது அன்று. ஊரில் ஒருவன் செய்த குற்றத்துக்கு அவன் தெருவையே கொளுத்துபவனை நாம் நீதிமான் என்று அழைப்பதில்லை.

இரண்டாவது, இக்காலப் போரில் நாடு முழுவதுமே ஆயுதச்சாலை. தொழிலாளியும் படைவீரனே என்பது. பீரங்கி வார்க்கும் ஆலையும், வேலை நேரத்தில் அதனுள் நிற்பவனும் போரின் பகுதி என்பதை ஏற்கலாம். ஆனால் அவனுக்கு ரொட்டி சுட்டவனும், அவன் பிள்ளைக்கு எழுத்துக் கற்பித்தவளும், அவன் வீட்டுத் திண்ணையில் அமர்ந்த கிழவரும் படைவீரரே என்றால், உலகில் படைவீரர் அல்லாதார் யார்? எல்லோரையும் அடக்கும் ஒரு சொல் எவரையும் காக்காது.

மூன்றாவது, வேறு வழி இருக்கவில்லை என்பது. 1940ஆம் ஆண்டில் பிரான்சு வீழ்ந்தபின் பிரிட்டன் தனித்து நின்றது. எதிரியை எட்டும் கை விமானம் ஒன்றே. அந்நிலையில் நின்றவர்களை இன்று நாற்காலியில் அமர்ந்து எடைபோடும்போது நமக்கு அடக்கம் வேண்டும். ஆனால் 1941ஆம் ஆண்டின் இறுதிக்குள் சோவியத் நாடும் அமெரிக்காவும் போரில் இறங்கிவிட்டன. ஜெர்மனியின்மீது வீசப்பட்ட குண்டுகளில் மிகப் பெரும்பகுதி வீசப்பட்டது அதன் பின்னரே, அதிலும் வெற்றி ஏறத்தாழ உறுதியான 1944, 1945ஆம் ஆண்டுகளிலேதான். 1945ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் நாள் இரவு டிரெஸ்டன் நகரம் எரிந்து ஏறக்குறைய 25,000 பேர் மாண்டபோது, போர் முடிய மூன்று மாதமும் இல்லை. நெருக்கடியில் பிறந்த பழக்கம் நெருக்கடி தீர்ந்த பின்னும் நிற்கவில்லை. அடுத்த மாத இறுதியில் சர்ச்சிலே, அச்சுறுத்துவதற்காக மட்டும் நகரங்களைத் தாக்குவதை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்ற கருத்தில் ஒரு குறிப்பு எழுதினார். தளபதிகள் மனம் வருந்தவே, அதைத் திரும்பப் பெற்று மென்மையான சொற்களில் வேறொன்று எழுதினார். மனச்சான்று தலை தூக்கிய கணமும் உண்டு. உடனே தலை தாழ்த்திய கணமும் உண்டு.

நான்காவது, போரைச் சுருக்கிப் பல உயிர்களைக் காத்தது என்பது. நான்கினுள் வலியது இதுவே. ஹிட்லரின் கொலைக்கூடங்களில் நாள்தோறும் மக்கள் அழிந்துகொண்டிருந்தபோது, போரை ஒரு நாள் குறைப்பதும் பெரும்பேறு. ஆயினும் இரண்டை நோக்க வேண்டும். ஒன்று, போரைச் சுருக்கியதாகச் சான்றுள்ளவை பெரும்பாலும் எண்ணெய் ஆலைத் தாக்குதல் போன்றவையே. வீடுகளை எரித்தது அன்று. மற்றொன்று, இந்தத் தராசின் ஒரு தட்டில் இருக்கும் மரணம் உறுதியானது. மறு தட்டில் இருக்கும் உயிர்கள் நம் ஊகம். உறுதியான கொலையை ஊகமான நன்மையால் நிறுக்கத் தொடங்கினால், எந்த எண்ணிக்கையும் பெரிதாகத் தோன்றாது. 1942ஆம் ஆண்டு மார்ச்சில் லூபெக் நகரத்தை எரித்த கை 1943இல் ஹாம்பர்க்கை எரித்தது. அதே எண்ணம், 1945ஆம் ஆண்டு மார்ச்சில் தோக்கியோ நகரில் ஒரே இரவில் 80,000க்குக் குறையாத மக்களை எரித்தது. ஆகஸ்டில் ஹிரோஷிமாவுக்குச் சென்று நின்றது. ஒவ்வொரு படியும் முந்தைய படியைக் காட்டி நியாயம் பெற்றது.

ஓர் உரைகல்

அப்படியானால் எண்ணெய் ஆலையைத் தாக்கியபோது பொதுமக்கள் இறக்கவில்லையா என்று கேட்கலாம். இறந்தனர். நேச நாடுகள் விடுவிக்கச் சென்ற பிரான்சு நாட்டிலேயே, இரயில் நிலையங்களையும் துறைமுகங்களையும் தாக்கிய குண்டுகளால் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பொதுமக்கள் மாண்டனர். இதையும் அதையும் வேறுபடுத்துவது எப்படி?

நாம் ஓர் உரைகல்லை முன்வைக்கிறோம். தாக்குவோன் குறி வைத்த இடத்தில் அன்றிரவு பொதுமக்கள் ஒருவர்கூட இல்லாதிருந்தால் அவன் என்ன நினைப்பான்? ஆலையைத் தாக்கச் சென்றவன், நல்லதாயிற்று, ஆலை அழிந்தது, எவரும் சாகவில்லை என்று மகிழ்வான். வீடுகளைத் தாக்கச் சென்றவனுக்கோ, வீடுகள் வெறுமையாக இருந்தால் அவன் திட்டமே தோற்றுப்போகும். ஏனெனில் அம்மக்களின் துன்பமே அவனுக்குக் கருவி. மனிதரின் துன்பத்தைத் தவிர்க்க முடியாமல் விளைவிப்பதும், அதையே கருவியாகக் கையாள்வதும் ஒன்றல்ல. முன்னதும் கவனத்தையும் அளவையும் வேண்டுவதே. எதிர்பாராது நேர்ந்தது என்று சொல்லிக் கை கழுவிவிட முடியாது. பின்னதோ எந்த அளவிலும் தகாதது.

இந்த வேறுபாட்டை அன்றே எடுத்துரைத்தவர்கள் பிரிட்டனிலேயே இருந்தனர். சிச்செஸ்டர் நகரத்துப் பேராயர் ஜார்ஜ் பெல், 1944ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள் பிரபுக்கள் சபையில் எழுந்து, ஆலைகளைத் தாக்குவதும் நகரம் முழுவதையும் அழிப்பதும் வெவ்வேறு என்றும், அரசு எந்த அடிப்படையில் இதைச் செய்கிறது என்றும் கேட்டார். அவர் ஹிட்லரின் நண்பர் அல்லர். ஹிட்லருக்குத் தப்பி வந்த அகதிகளுக்கு ஆண்டுக்கணக்கில் உதவியவர். எழுத்தாளர் வேரா பிரிட்டனும் அதே ஆண்டில் இதைக் கண்டித்து எழுதினார். சொந்த நாடு போரில் இருக்கும்போது, வெற்றி நெருங்கும்போது, இப்படிக் கேட்பதற்கு விமானியின் துணிவுக்குக் குறையாத துணிவு வேண்டும்.

பயனின்மை போதிய காரணமா?

இங்கேதான் நாம் விழிப்பாக இருக்க வேண்டும். நகரங்களைத் தாக்குவது பயன் தரவில்லை, ஆகவே அது தவறு என்று சொல்லி முடிப்பது இனிமையான முடிவு. அறமும் அறிவும் ஒரே பக்கம் நிற்பதாகத் தோன்றும். ஆனால் அந்த முடிவு நம்மைக் காக்காது. பயன் தரும் ஓரிடத்தில் அது என்ன சொல்லும்? ரங்கூனில் பயன் தந்தது. இராக்கின் சிற்றூர்களில் ஓரளவு பயன் தந்தது. நாளை குறி தவறாத கருவி வரலாம். மக்களின் மனம் உண்மையிலேயே முறியும் அளவு தெரிந்துவிடலாம். அன்று அது நீதியாகிவிடுமா? பயனின்மையை மட்டும் காட்டி ஒரு கொடுமையைத் தடுத்தவன், பயன் வந்த அன்று வாயடைத்து நிற்பான்.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தனர். ஷாம் நாட்டுக்குப் படை அனுப்பியபோது கலீபா அபூபக்கர் (ரலி) அவர்கள் தளபதிக்கு விடுத்த கட்டளையை நாம் சிறு வயதிலேயே கேட்டிருக்கிறோம். பெண்டிரையும் குழந்தைகளையும் முதியோரையும் கொல்லலாகாது, கனி தரும் மரத்தை வெட்டலாகாது, மக்கள் வாழும் இடத்தைப் பாழாக்கலாகாது என்பன அதன் கருத்துகள். பயன் தராது என்பதற்காக அவை விலக்கப்படவில்லை. விளைநிலத்தை அழித்தால் எதிரி பணிவான் என்பது அக்காலப் போர் வல்லார் அனைவரும் அறிந்ததே. பயன் தரக்கூடியது என்று தெரிந்தே விலக்கப்பட்டவை அவை. அதில்தான் அக்கட்டளையின் பெருமை உள்ளது.

தாயிப் முற்றுகையில் மின்ஜனீக் என்னும் கல்லெறி பொறி பயன்பட்டதே என்று எவரேனும் கேட்கலாம். கேட்பது முறையே, நம் சட்ட அறிஞர்களும் அதை நெடுங்காலம் விவாதித்துள்ளனர். கோட்டையின்மீது எறியப்படும் கல் உள்ளிருக்கும் பொதுமக்கள்மீதும் விழக்கூடும் என்பதை அறிந்தே விவாதித்தனர். கோட்டையைத் தாக்குவதை அவர்கள் ஏற்றனர். உள்ளிருக்கும் குழந்தையைக் குறி வைப்பதை ஏற்கவில்லை. நாம் மேலே சொன்ன உரைகல்லும் அதே கோட்டையே காட்டுகிறது.

கண்ணாடியின் முன்

ஆனால் மரபின் பெருமை பேசி அமர்ந்துவிட நமக்கு உரிமை இல்லை. 1980களில் இராக்கும் ஈரானும் எட்டாண்டுகள் போரிட்டபோது, இரு தரப்பிலும் கலிமாச் சொன்னவர்களே ஒருவர் நகரத்தின்மீது மற்றவர் ஏவுகணை வீசினர். 1988ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதி முதல் ஏப்ரல்வரை தெஹ்ரான் நகரத்தின்மீது இராக்கின் ஏவுகணைகள் விழுந்தன; பாக்தாத் நகரத்தின்மீது ஈரானின் ஏவுகணைகள் விழுந்தன. தெஹ்ரானிலிருந்து பல இலட்சம் மக்கள் வெளியேறினர். அவ்வாண்டு ஜூலையில் ஈரான் போர் நிறுத்தத்துக்கு இசைந்ததில் இதற்கும் பங்குண்டு என்று கருதுவோர் உளர். பயன் தந்தது என்றே வைத்துக்கொள்வோம். அதனால் அது நீதியாயிற்று என்று நம்மில் எவர் சொல்லத் துணிவார்?

2023ஆம் ஆண்டின் இறுதி முதல் காஸாவின் இடிபாடுகளைக் காட்டும் படங்கள் நம் இல்லங்களில் கண்ணீரை வரவழைத்தன. அந்தக் கண்ணீர் நியாயமானது. ஆனால் அது நீதியின் கண்ணீரா, உறவின் கண்ணீர் மட்டுமா என்பதை அறிய ஒரே வழிதான் உண்டு. நமக்கு வேண்டாதவர் ஊர்மீது, நமக்கு வேண்டியவர் வீசும் குண்டைப் பார்த்தும் நம் நெஞ்சு அதே அளவு துடிக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஹாம்பர்க் குழந்தைக்காக நம்மால் துயரப்பட முடிந்தால், காஸாக் குழந்தைக்காக நாம் பேசும் சொல்லுக்கு எடை கூடும். முடியாவிட்டால், நாம் பேசுவது நீதியை அன்று. நம் தரப்பை மட்டுமே.

1977ஆம் ஆண்டு ஜெனீவாவில் உருவான உடன்படிக்கை, நகரம் முழுவதையும் ஒரே இலக்காகக் கொண்டு தாக்குவதையும் மக்களை அச்சுறுத்துவதையே நோக்கமாகக் கொண்ட தாக்குதலையும் தடை செய்தது. அமெரிக்காவும் இந்தியாவும் உள்ளிட்ட சில நாடுகள் இன்னும் அதை முறையாக ஏற்கவில்லை. ஏற்ற நாடுகளும் எல்லாக் காலத்திலும் காத்ததில்லை. ஆயினும் ஹாம்பர்க் எரிந்தபோது இல்லாத ஒரு வேலி இன்று எழுத்திலேனும் நிற்கிறது. எழுத்தில் நிற்பதைச் செயலில் நிறுத்துவது, தம் அரசைப் பார்த்துக் கேள்வி கேட்கும் மக்களால் மட்டுமே முடியும். பெல் கேட்டதும் அத்தகைய கேள்வியே.

நம் பாட்டனார்களின் ரங்கூன் கதைகளை இனி நம் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, இழந்த கடையையும் விட்டு வந்த வீட்டையும் மட்டும் சொல்லி நிறுத்த வேண்டாம். அன்று தெருவில் நின்று வானத்தைப் பார்த்தவர்களைப் பற்றியும் சொல்வோம். அவர்களோடு எந்தப் பகையும் இல்லாத ஒருவன், அவர்கள் முகத்தைக் காணாத உயரத்தில் பறந்துகொண்டு, ஒரு பயனுக்காக அவர்களைச் செலவிட்டான் என்று சொல்வோம். அதைக் கேட்கும் பிள்ளை, எந்த நாட்டு நகரம் எரியும் செய்தியைப் படித்தாலும், வென்றது யார் என்று கேட்பதற்கு முன், கீழே நின்றவர்கள் யார் என்று கேட்குமானால் அக்கதையைச் சொன்னதற்குப் பொருள் உண்டு.